கண்டவரின் முற்றத்தில் தொடங்கும் விசாரணை

வானத்தில் ஏதோ கண்டதாகச் சொன்னவரை விசாரிக்க முதன்முதலில் போன வீட்டில் நான் செய்த பிழையிலிருந்து இதைத் தொடங்குவதே நியாயம். மட்டக்களப்பு மாவட்டத்துப் பெரியகல்லாற்றில் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் இருந்த அந்த வீட்டின் அம்மா, மூன்று நாட்களாகப் பொழுது படும் நேரத்தில் வாவிப் பக்கமாக ஒரு பெரிய வெளிச்சம் வந்து நிற்பதாகவும், அது தன்னையே பார்த்துக்கொண்டு மெல்லக் கீழிறங்குவதாகவும் சொல்லத் தொடங்கினார். அவர் இரண்டாவது வசனத்தை முடிப்பதற்குள், "அது வெள்ளிக் கோள் அம்மா, பயப்பட ஒன்றுமில்லை" என்று நான் சொல்லிவிட்டேன். அந்த மாதத்தில் மாலை மேற்கு வானத்தில் வெள்ளி மிகவும் பிரகாசமாக நின்றது உண்மை. சந்திரனுக்கு அடுத்தபடியாக இரவு வானத்தில் ஒளிமிக்கது அதுதான் என்பதும், சூரியன் மறைந்து ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் வரை அது தெரியக்கூடும் என்பதும் உண்மை. என் விடை சரியாகவே இருந்தது. ஆனால் அந்த அம்மா, "சேர் சொன்னாச் சரிதான்" என்று சொல்லி, தேநீர் கொண்டுவர உள்ளே போனவர், அதன் பின் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினான்கு மாதங்கள் கழித்து அவருடைய மகனைக் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் சந்தித்தபோதுதான், அவர் சொல்ல வந்தது வெள்ளியைப் பற்றி மட்டுமல்ல என்று தெரிந்தது. மூன்றாம் நாள் அந்த வெளிச்சம் மறைந்து நெடுநேரம் சென்றபின், கடல் பக்கமிருந்து சத்தமில்லாமல் இரண்டு வெளிச்சங்கள் தாழ்வாக வந்து, வீட்டுக்கு மேலாகக் கடந்து, வாவியின் மேல் ஒன்றையொன்று பிரிந்து அணைந்தனவாம். என் அவசரத்தால் அந்த இரண்டாவது பகுதி எங்கள் குறிப்பேட்டில் ஏறவே இல்லை.

நாங்கள் ஐந்து பேர். பாடசாலையில் பௌதிகவியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், நில அளவைத் தொழிலில் இருக்கும் நண்பர், காத்தான்குடியில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் தம்பி, பாலமீன்மடுவைச் சேர்ந்த கடற்றொழிலாளி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை. யாருக்கும் இதில் சம்பளம் இல்லை. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும் அச்சடித்த வினாத்தாள்களும் எங்கள் கைக்காசு. வானத்தில் ஏதோ கண்டதாக வாகரையிலிருந்து பொத்துவில் வரைக்கும் யாராவது சொல்லிவிட்டால், போய்க் கேட்டு, எழுதி, அளந்து, ஒப்பிட்டுப் பார்த்து, அறிந்ததை அவர்களுக்கே திரும்பச் சொல்வதுதான் எங்கள் வேலை. வேற்றுக்கிரகவாசிகளைத் தேடுகிறீர்களா என்று பலர் கேட்கிறார்கள். அடையாளம் காணப்படாத பறக்கும் பொருள் என்ற பெயரிலேயே, கண்டவருக்கு அது என்னவென்று தெரியவில்லை என்பதற்கு மேல் எந்த உரிமைகோரலும் இல்லை. அந்தத் தெரியாமையை மதித்து நடப்பது மட்டுமே எங்கள் நோக்கம்.

பறக்கும் தட்டு என்ற சொல் பிறந்த கதையே இதற்கு நல்ல சான்று. 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் றெயினியர் மலைக்கு அருகே தன் சிறு விமானத்தில் பறந்துகொண்டிருந்த கென்னத் ஆர்னல்ட், ஒன்பது பொருட்கள் வேகமாகப் பறந்து சென்றதைக் கண்டதாகச் சொன்னார். நீரின் மேல் எறிந்த தட்டு துள்ளித் துள்ளிப் போவதைப் போல அவை அசைந்தன என்று அசைவைத்தான் அவர் உவமித்தார். பத்திரிகைகள் அதை வடிவமாக எடுத்துக்கொண்டன. கேட்டவர் சரியாகக் கேளாததால் உலகம் முழுவதற்கும் ஒரு சொல் வந்து சேர்ந்தது. அதன் பின் 1952 முதல் 1969 வரை அமெரிக்க விமானப்படை நடத்திய நீலப் புத்தகத் திட்டத்தில் சேர்ந்த 12,618 முறைப்பாடுகளில் 701 அடையாளம் காணப்படாதவையாகவே எஞ்சின. அந்த 701 என்ற எண்ணைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எஞ்சியவற்றுள் எத்தனை உண்மையில் விளங்காதவை, எத்தனை தகவல் போதாமையால் நின்றுபோனவை என்ற கேள்வியே எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்கள் பிரான்ஸின் விண்வெளி ஆய்வு நிறுவனத்தினர். 1977இல் தொடங்கப்பட்டு இன்று கெய்பான் என்ற பெயரில் இயங்கும் அவர்களுடைய பிரிவு, ஒவ்வொரு சம்பவத்தையும் நான்கு வகையில் ஒன்றில் வைக்கிறது: அடையாளம் காணப்பட்டது, பெரும்பாலும் அடையாளம் காணப்பட்டது, தகவல் போதாமையால் அடையாளம் காண முடியாதது, போதிய தகவல் இருந்தும் அடையாளம் காணப்படாதது. நாங்கள் அதையே அ, ஆ, இ, ஈ என்று எழுதிக் கோப்புகளைப் பிரித்தோம். மூன்றாவதையும் நான்காவதையும் கலந்துவிடாமல் இருப்பதில்தான் விசாரிப்பவரின் நேர்மை இருக்கிறது. பெரியகல்லாற்று அம்மாவின் இரண்டு வெளிச்சங்கள் "இ" கோப்பில் கிடக்கின்றன. அதை மர்மம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அந்தத் தகவலைப் போதாததாக்கியவன் நான்.

அதன் பிறகு எங்கள் முறையை முழுதாக மாற்றினோம். இப்போது போனவுடன் கேள்வி கேட்பதில்லை. கண்டவர் தன் கதையைத் தன் போக்கில் தொடக்கத்திலிருந்து கடைசி வரை சொல்லி முடிக்கும் வரை யாரும் குறுக்கிடக் கூடாது. ஒருவர் கேட்க, மற்றவர் எழுதுவார். கணவனும் மனைவியும் சேர்ந்து கண்டிருந்தால், அவர்களைத் தனித்தனியே கேட்போம். பொய் சொல்வார்கள் என்று எண்ணி அப்படிச் செய்வதில்லை. ஒருவர் சொன்ன சொல் மற்றவரின் நினைவுக்குள் புகுந்துவிடும் என்பதால்தான் செய்கிறோம். பிரித்தானியாவின் தொண்டர் அமைப்பான புபோரா, நினைவை மீட்பதற்கென்று கண்டவர்களை அறிதுயிலில் ஆழ்த்திக் கேட்கும் வழக்கத்தை 1980களின் இறுதியில் கைவிட்டதும் இதே காரணத்துக்காகத்தான். கேட்பவரின் எதிர்பார்ப்பு சொல்பவரின் நினைவாக மாறிவிடுவது அத்தனை எளிது.

கதை முடிந்த பின், கண்ட அதே இடத்தில், கண்ட அதே நேரத்தில் அவரை நிற்க வைக்க வேண்டும். இதைவிடப் பயனுள்ள ஒரு பாடத்தை நான் இதுவரை கற்கவில்லை. வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு "அந்தப் பக்கம்" என்று காட்டும் கை, முற்றத்தில் நின்று தென்னை மரத்தைப் பார்த்துக் காட்டும்போது முப்பது பாகை விலகி நிற்பதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம். நேரத்தை மணியில் கேட்டால் பெரும்பாலும் பிழையாகவே வரும். இரவுத் தொழுகைக்கான இஷாப் பாங்கு சொல்வதற்கு முன்னா பின்னா, கோயில் மணி கேட்டதா, கொழும்பு ரயில் போய்விட்டதா என்று கேட்டால் ஐந்து, பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும்.

அளவைக் கேட்பதில் இன்னும் கவனம் வேண்டும். தேங்காயளவு, சுளகளவு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தூரம் தெரியாதவரை அந்த அளவுகளுக்குப் பொருளில்லை. ஆகவே கையை முழுதாக நீட்டச் சொல்லி, சுண்டுவிரல் நுனியால் அது மறைந்திருக்குமா என்று கேட்கிறோம். நீட்டிய கையில் சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை, மூடிய முட்டியின் அகலம் ஏறத்தாழ பத்துப் பாகை. முழுநிலவு அரைப் பாகைதான் என்பதால், நிலவு கூடச் சுண்டுவிரலுக்குப் பின்னால் மறைந்துவிடும் என்று காட்டினால் கண்டவரே வியந்து தன் கணக்கைத் திருத்திக்கொள்வார். தொடுவானத்திலிருந்து எத்தனை முட்டி உயரம் என்று எண்ணிவிட்டால் வானத்தில் அது நின்ற இடம் கையில் வந்துவிடும்.

இடமும் நேரமும் கிடைத்த பிறகே வானத்தோடு ஒப்பிட முடியும். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் அந்தத் திகதியையும் மட்டக்களப்பையும் கொடுத்தால் அன்றைய வானம் அப்படியே விரியும். நம் அகலாங்கில் கனோபஸ் என்ற அகத்திய நட்சத்திரம் தென்வானில் ஏறக்குறைய முப்பது பாகை உயரம்வரை மட்டுமே ஏறும். அது தாழ்வாக நிற்கும் வேளையில் காற்றடுக்குகளின் அசைவால் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னும். இருட்டில் ஒற்றை ஒளிப்புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால், அசையாத அந்தப் புள்ளி அசைவது போலக் கண்ணுக்குத் தோன்றும். திருக்கோவில் கடற்கரையில் இருந்து வந்த முறைப்பாடு ஒன்று, வாடியில் ஓர் ஈட்டியை நட்டு அதன் நுனியோடு சேர்த்து அந்த ஒளியைப் பார்த்த அன்றே தீர்ந்துபோனது.

2019 மே 24இல், இணைய இணைப்புத் தரும் ஸ்டார்லிங்கின் முதல் அறுபது செய்மதிகள் ஒன்றாக ஏவப்பட்டதற்குப் பின், திருவிழா மின்குமிழ்களைக் கோத்தது போல ஒரு வரிசை போகிறது என்று வரும் அழைப்புகள் அதிகம். ஏவப்பட்ட சில நாட்களுக்குள்தான் அவை அவ்வளவு நெருக்கமாகச் செல்லும். பின்னர் 500 கிலோமீற்றரை அண்டிய உயரத்துக்கு ஏறிப் பிரிந்துவிடும். அந்த உயரத்தில் உள்ள பொருள் நம் தலைக்கு மேல் வெயில் பட்டுத் தெரிவது பொழுதுபட்டு ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் வரை, அல்லது விடிவதற்கு முன் அதே அளவு நேரம். நள்ளிரவில் உச்சியில் கண்டேன் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால், அது இப்படித் தாழ்வாகச் சுற்றும் செய்மதியாக இருக்க முடியாது என்று நாங்களும் உறுதியாக அடுத்த காரணத்தைத் தேடப் போகலாம்.

கிழக்குக் கரைக்கே உரிய ஒரு காட்சி இந்திய ஏவுகலங்கள். அவற்றை ஏவும் தளமான சிறீஹரிக்கோட்டா எங்களிடமிருந்து ஏறக்குறைய 700 கிலோமீற்றர் வடக்கே இருக்கிறது. துருவச் சுற்றுப்பாதைக்குப் போகும் பி.எஸ்.எல்.வி. ஏவுகலம் நேரே தெற்கே பறந்தால் இலங்கைக்கு மேலாகப் போக வேண்டிவரும் என்பதால், முதலில் தென்கிழக்காகக் கடலின் மேல் சென்று, பின்னரே தெற்கே திரும்புகிறது. எனவே கொழும்பில் இருப்பவரைவிட எங்கள் கரையில் நிற்பவருக்கே அதைக் காணும் வாய்ப்பு அதிகம். 2022 பெப்ரவரி 14 அன்று காலை 5.59க்கு ஏவப்பட்டது போன்ற விடியற்கால ஏவல்களில், தரையில் இருட்டு விலகாதபோது மேலே வெளியேறும் புகையில் மட்டும் வெயில் படும். விரிந்துகொண்டே போகும் வெண்ணிற இறகு ஒன்று கடலுக்கு மேல் மிதப்பது போலத் தோன்றும். பாலமீன்மடு நண்பர் தோணியில் இருந்தபடி அப்படியொன்றைக் கண்டு, வலையை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டதாகச் சொன்னார். அந்த நாளில்தான் அவர் எங்களோடு சேர்ந்தார்.

நேரம் பற்றிய எச்சரிக்கை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இந்திய நேரமும் நம் நேரமும் ஒன்றே என்பதால் இஸ்ரோ அறிவிக்கும் நேரத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் செய்மதிகள் பற்றிய பட்டியல்கள் பலவும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அவற்றோடு ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்ட வேண்டும். ஒருமுறை நாங்கள் அதைக் கூட்ட மறந்து, நிந்தவூரைச் சேர்ந்த முஸ்லிம் அண்ணர் ஒருவர் கண்ட வெளிச்சம் சர்வதேச விண்வெளி நிலையம் அல்ல என்று அவரிடம் உறுதியாகச் சொல்லிவிட்டோம். அந்த நிலையம் 400 கிலோமீற்றர் உயரத்தில் பறந்து, மின்னாமல், சத்தமில்லாமல், ஆறு நிமிடத்துக்குள் வானத்தைக் கடந்துவிடும். அவர் சொன்னதும் அச்சொட்டாக அதுவே. மூன்று வாரம் கழித்துப் பிழையைக் கண்டபோது, தொலைபேசியில் சொல்லாமல் நேரில் போய்ச் சொன்னோம். தன் கதையை ஊரில் பலருக்கும் சொல்லிவிட்ட மனிதர் அவர். வெற்றிடமாக விட்ட கோப்பைவிடப் பிழையான விடை கொடுத்த கோப்பு கண்டவருக்கு அதிகத் தீங்கு செய்கிறது.

இவை எல்லாவற்றிலும் என் மனதில் ஆழமாகப் பதிந்தது, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நடந்தது. மண்முனைப் பாலத்தைத் தாண்டிக் கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால், வயல்களுக்கு நடுவே இருக்கும் சிறிய ஊர் அது. பௌத்தர்களின் வெசாக் பண்டிகை முடிந்த மறுநாள் அழைப்பு வந்தது. நாங்கள் போனபோது, கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு இரவுகள் விளக்கேற்றாமல் இருந்த ஒரு பெத்தாவிடம் அவருடைய பேத்தி எங்களை அழைத்துச் சென்றாள். செம்மஞ்சள் நிறத்தில் மூன்று நான்கு வெளிச்சங்கள் தாழ்வாக ஆடி ஆடி வந்து, ஒன்று மட்டும் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், இறங்கி அணைந்தது என்று பேத்தி சொன்னாள். பெத்தா ஒன்றைத்தான் கேட்டார்: "மனே, திரும்பவும் பரா லைட் அடிக்கத் தொடங்கிட்டாங்களா?"

போர்க்காலத்து இரவுகளில் பரசூட்டில் தொங்கியபடி வானத்திலிருந்து மெல்ல இறங்கிய அந்த வெளிச்சங்களை எங்களில் வயதான மூவரும் அறிவோம். அவர் மேலே எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்கள் குழுவில் இருந்த பிள்ளை அவருக்கு அருகில் போய் இருந்துகொண்டாள். மற்றவர்கள் வெளியே வேலையைத் தொடங்கினோம். நில அளவையாளர் நண்பர் பேத்தி நின்ற முற்றத்திலிருந்து வெளிச்சம் இறங்கிய திசையைத் திசைகாட்டியில் எடுத்தார். அடுத்த ஒழுங்கையில் அதே இரவு அதைக் கண்ட, வயல் வேலைகளை மேற்பார்க்கும் ஒரு வட்டவிதானையாரின் வீட்டிலிருந்தும் திசையை எடுத்தார். இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் நீட்டியபோது, அவை முன்மாரி வேளாண்மை வெட்டி முடிந்து வெறுமையாகக் கிடந்த ஒரு வட்டையில் வெட்டிக்கொண்டன. ஒரே இடத்தில் இருந்து எத்தனை பேர் கண்டாலும் தூரம் தெரியாது. இரண்டு இடங்களில் இருந்து இருவர் கண்டிருந்தால் தூரம் தெரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறைப்பாட்டிலும் இரண்டாவது ஆளை அடுத்த ஊரில் தேடுவதை நாங்கள் ஒருபோதும் விடுவதில்லை.

மறுநாள் காலை ஒரு மணித்தியாலம் தேடியபின், ஒரு வரம்பின் ஓரத்தில் மெல்லிய கம்பி வளையமும், அதில் ஒட்டியிருந்த கருகிய தாளும், உருகி இறுகிய மெழுகும் கிடைத்தன. சூடான காற்றால் மேலே எழும் கடதாசி வானவிளக்கு. தொலைவில் எங்கோ பண்டிகைக்காக விட்டவை மேற்கிலிருந்து வீசிய காற்றோடு வந்திருக்கின்றன. மெழுகு எரிந்து தீரும்வரை சில நிமிடங்கள் மிதந்து, பின்னர் தன்பாட்டில் இறங்கும்.

அந்த வளையத்தைப் பெத்தாவின் கையில் கொடுத்து, இது தாள் விளக்கு என்றும் பண்டிகைக்குப் பிள்ளைகள் விடுவது என்றும் சொன்னோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிள்ளையளா விட்டது?" என்று கேட்டார். ஆம் என்றோம். நெடுநேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, எழுந்து போய் வேலிக் கதியாலில் அதைக் கொளுவினார். அடுத்த மாதம் போனபோதும் அது அங்கேயே தொங்கியது.

இதற்குப் பின் எங்கள் வினாத்தாளில் "அது என்னவென்று நினைத்தீர்கள்?" என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளினோம். முதலில் அதைக் கேட்டால் விடை அளவீட்டையெல்லாம் தன் பக்கம் இழுத்துவிடும். ஆனால் கேட்காமலும் விடக் கூடாது. பல வேளைகளில் கண்டவருக்கு முக்கியமான விடயம் அந்த ஒரு விடையில்தான் இருக்கிறது. கேட்டு முடிந்தவுடன் எழுந்து வந்துவிடுவதும் கூடாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குப் போகும்போது குழுவில் ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும். பெயரை ஒருபோதும் வெளியே சொல்வதில்லை என்று தொடக்கத்திலேயே உறுதி கொடுக்கிறோம்.

காணொளிகளைப் பற்றிக் காத்தான்குடித் தம்பி எல்லோருக்கும் சொல்லும் அறிவுரையை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய காணொளி சுருங்கிப்போய், எடுத்த நேரமும் கருவி பற்றிய விபரமும் இழந்தே வந்து சேரும்; ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும், தொலைபேசியை நேரில் வாங்கிப் பிரதி எடுப்பது இன்னும் நல்லது. இருட்டில் குவியம் கிடைக்காமல் தடுமாறும் கைத்தொலைபேசிக் கமரா, ஒரு சிறு ஒளிப்புள்ளியைப் பெரிய வட்டத் தட்டாக விரித்துக் காட்டும். வந்து சேர்ந்த தட்டுகளில் பல இந்த வகைதான். வெளிச்சத்தோடு சேர்த்து ஒரு கூரையோ மரமோ படத்தில் விழும்படி எடுத்து, கையை எதிலாவது ஊன்றிக்கொண்டால் அந்தக் காணொளியிலிருந்து அளவெடுக்க முடியும்.

இரவில் வயற்புறங்களுக்குப் போகிறவர்கள் வானத்தைவிடத் தரையைக் கவனிக்க வேண்டும். படுவான்கரையிலும் அம்பாறையின் உட்புறங்களிலும் யானை நடமாட்டம் மாலையிலேயே தொடங்கிவிடும். ஊரவர் ஒருவர் துணையில்லாமல், பரணில் காவல் இருப்பவர்களுக்குச் சொல்லாமல் நாங்கள் எந்த வட்டைக்குள்ளும் இறங்குவதில்லை. கமராவும் முக்காலியுமாக இரவில் நிற்பதற்கு முன் கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் அறிவித்துவிடுகிறோம். ட்ரோன் எங்களிடம் இல்லை. மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் வயல்களுக்கு வரத் தொடங்கிய பின், அவற்றை வைத்திருப்பவர்களின் தொலைபேசி எண்களைச் சேர்த்து வைத்திருக்கிறோம். மாலையில் வந்த சில முறைப்பாடுகள் ஓர் அழைப்பிலேயே தீர்ந்திருக்கின்றன.

பெரியகல்லாற்று வீட்டுக்கு மகனைச் சந்தித்த வாரமே போனோம். நான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே முற்றத்தில் இறங்கி நின்று முழுவதையும் சொன்னார். ஆனால் வெளிச்சங்கள் வந்த திசையைக் காட்ட அவர் தேடிய இரண்டு தென்னைகள் இடையில் தறிக்கப்பட்டுவிட்டன. நிறம் முதலில் வெள்ளை என்றார், பிறகு மஞ்சள் என்றார். நேரத்தைச் சொல்ல அவருக்கு எந்தப் பிடியும் இருக்கவில்லை. திகதியைக்கூட அவராலோ மகனாலோ சொல்ல முடியவில்லை. என் பழைய குறிப்பில் நாங்கள் போன நாள் இருந்ததே ஒழிய, அவர் கண்ட நாள் இல்லை. விமானமா, வானவிளக்கா, வேறெதுவுமா என்று எந்தப் பக்கமும் கோப்பை நகர்த்த முடியவில்லை.

இப்போது அவருடைய வீட்டுச் சுவரில் பெரிய எழுத்து நாட்காட்டி ஒன்று தொங்குகிறது. வானத்தில் எதைக் கண்டாலும் அந்த நாளில் ஒரு புள்ளி வைத்து, பாங்குக்கு முன்னா பின்னா என்று ஓரத்தில் எழுதி வைக்கிறார். போன மாதம் போனபோது ஏழு புள்ளிகள் இருந்தன. ஆறுக்கு விடை சொன்னோம். ஏழாவதற்காக அவர் காட்டிய இடத்தில் நின்று, அவர் நீட்டிய கையின் முட்டிகளை எண்ணி எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இரண்டாவது ஆளைத் தேடி நாளைக்குக் கோட்டைக்கல்லாற்றுக்குப் போகிறோம்.